‘ஓரமாகப் போ’ என்ற வரியை அடித்துவிடுங்கள்

சாலைப் பாதுகாப்புக் கையேடுகளையும் விழிப்புணர்வுப் பலகைகளையும் எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம்.

சைக்கிள்காரர்களுக்கென்று நீங்கள் ஒதுக்கும் அரைப் பக்கத்தில் வழக்கமாக மூன்று வரிகள் இருக்கும். ஓரமாகச் செல்லவும். ஹெல்மெட் அணியவும். இரவில் விளக்கு எரியவிடவும். பின்னிரண்டும் சரிதான், அரைகுறையாகச் சொல்லப்பட்டவை என்பதைத் தவிர. முதல் வரிதான் சிக்கல். அதை நம்பிச் சாலை விளிம்பை ஒட்டியே ஓட்டுகிறவர், எதிலிருந்தெல்லாம் தப்ப வேண்டுமோ அதற்கெல்லாம் பக்கத்தில் போய் நிற்கிறார். இந்த மடல் முக்கியமாக அந்த வரியைப் பற்றியது. மற்றவையும் கூடவே வரும்.

வண்டிகள் இடப்பக்கம் ஓடும் சாலையை மனத்தில் வைத்து எழுதுகிறோம். வலப்பக்கம் ஓடும் நாட்டில் இருப்பவர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு கூட்டல் கணக்கு. ஒரு தடத்தின் அகலம் பெரும்பாலும் 3 முதல் 3.5 மீட்டர். ஹேண்டில்பார் 60 சென்டிமீட்டர் என்று வையுங்கள். விளிம்பிலிருந்து அரை மீட்டராவது தள்ளிப் போனால்தான் பெடலும் சக்கரமும் எதிலும் உரசாது. பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் ஒரு கார் ஏறக்குறைய 2 மீட்டர். முந்தும்போது இருவருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி 1.5 மீட்டர். 0.5, 0.6, 1.5, 2. கூட்டினால் 4.6 மீட்டர். 3.5 மீட்டர் தடத்துக்குள் இது எப்படியும் அடங்காது. ஒழுங்காக முந்த நினைக்கும் ஓட்டுநர் தன் காரில் பாதிக்கு மேல் அடுத்த தடத்துக்குள் கொண்டுபோயே ஆக வேண்டும். அடுத்த தடம் காலியாக இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். சைக்கிள்காரர் விளிம்பில் போனாலும் ஒரு மீட்டர் உள்ளே போனாலும் அந்த ஓட்டுநருக்கு வேலை ஒன்றுதான். விளிம்பில் போவதால் லாபம் ஒரே ஆளுக்கு: இல்லாத இடத்தில் காரை நுழைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறவருக்கு.

அந்த 1.5 மீட்டர் நாங்களாகச் சொல்வதல்ல. ஜெர்மனி 2020இல் தன் சாலை விதிகளைத் திருத்தியபோது, சைக்கிளை முந்தும் மோட்டார் வண்டி ஊருக்குள் 1.5 மீட்டரும் ஊருக்கு வெளியே 2 மீட்டரும் விட வேண்டும் என்று எழுதியது. பிரான்சில் ஊருக்குள் 1 மீட்டர், வெளியே 1.5. பிரிட்டன் 2022 ஜனவரியில் தன் சாலை விதித்தொகுப்பைத் திருத்தியது. மணிக்கு 30 மைல் வரையிலான வேகத்தில் முந்த 1.5 மீட்டர், அதற்கு மேல் இன்னும் அதிகம் என்றது. அதோடு நிற்காமல், ஆளரவம் குறைந்த தெருவிலும், வண்டிகள் ஊர்ந்து போகும் இடத்திலும், சந்திப்பை நெருங்கும்போதும், முந்த இடமில்லாத குறுகலிலும் சைக்கிள்காரர் தடத்தின் நடுவில் போகலாம் என்றும், வேகமான போக்குவரத்து உள்ள சாலையில்கூட ஓரக்கல்லிலிருந்து அரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்றும் சைக்கிள்காரர்களிடமே சொல்கிறது. ‘ஓரமாகப் போ’ என்ற சொல்லுக்கு நேர் எதிரானது இது.

இனி, அந்த ஓரத்தில் என்னதான் இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். கார் சக்கரங்கள் ஓயாமல் உருளும் இடத்தை அவையே பெருக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்கின்றன. அங்கிருந்து தள்ளப்பட்ட மணல், சல்லி, கண்ணாடித் துண்டு, ஆணி எல்லாம் ஒதுங்குவது விளிம்பில்தான். தார் போடும்போது புதிய அடுக்கு நின்ற இடத்தில் நீளவாக்கில் ஒரு விளிம்பு உயர்ந்திருக்கும். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர்தான். காருக்கு அது ஒன்றுமே இல்லை. சைக்கிளின் முன்சக்கரம் அதைச் சாய்வாக ஏற முயன்றால் ஏறாமல் உரசிக்கொண்டே போகும். ஹேண்டில்பாரைத் திருப்ப முடியாது. சமநிலையைக் காக்க வேண்டிய சக்கரம் திரும்ப மறுத்தால் ஆள் வலப்பக்கம், அதாவது பின்னால் வரும் வண்டியின் பக்கம், விழுவார். மழைநீர் வடிகாலின் கம்பி மூடியும் அங்கேதான் இருக்கிறது. கம்பிகள் போகும் திசைக்குக் குறுக்கே இருந்தால் கவலையில்லை. நெடுக்கே இருந்தால் மெல்லிய டயர் இடுக்கில் இறங்கிச் சக்கரம் அப்படியே நின்றுவிடும், ஓட்டுபவர் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவார். (உங்கள் அலுவலகத்தில் சாலைப் பராமரிப்பைப் பார்ப்பவர் யாராவது இருந்தால், இந்த மூடிகளைக் கால் வட்டம் திருப்பிப் போட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுச் சொல்லுங்கள். சதுர மூடி என்றால் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.)

நிறுத்தியிருக்கும் கார்களின் கதவும் அதே ஓரத்தில்தான் திறக்கிறது. கதவு முழுதாகத் திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே வரும். மணிக்கு 18 கிலோமீட்டர் என்பது சைக்கிளுக்குச் சாதாரண வேகம். அதில் ஒரு நொடிக்கு 5 மீட்டர் கடக்கிறோம். கதவு திறப்பதைக் கண்டு விரல் பிரேக்கை அழுத்தவே ஏறக்குறைய ஒரு நொடி ஆகிவிடும். திறக்கும் கதவுக்கும் சக்கரத்துக்கும் இடையில் 3 மீட்டர்தான் இருந்தது என்றால் பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. பலர் கதவில் மோதுவதே இல்லை. கதவின் விளிம்பு ஹேண்டில்பாரின் இடது முனையைத் தட்டும், ஹேண்டில் இடப்பக்கம் வெட்டும், உடல் வலப்பக்கம் எறியப்படும். அடுத்து வரும் வண்டிக்கு நிற்க இடமிருக்காது. ஆகவே நிறுத்திய கார்களின் வரிசையைக் கடக்கும்போது ஹேண்டில்பாரின் முனைக்கும் காருக்கும் இடையில் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது, 1.2 இருந்தால் நல்லது. இரண்டு கார்களுக்கு நடுவே காலி இடம் தெரிகிறதே என்று உள்ளே ஒதுங்கி, மறுபடி வெளியே வருவதும் கூடாது. ஒதுங்கியவர் பின்னால் வருபவரின் கண்ணிலிருந்து மறைகிறார், வெளியே வரும்போது திடீரென்று முளைத்தவராகத் தெரிகிறார். ஒரே நேர்க்கோட்டில் போவதுதான் பாதுகாப்பு.

கார்க்காரர்களுக்கான பக்கத்தில் இதற்கு ஒரு வரி போதும்: கதவைப் பக்கத்துக் கையால் திறக்காதீர்கள், எதிர்க் கையால் திறங்கள். வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் இடக்கையை நீட்டித் திறந்தால் உடல் தானாகத் திரும்பும், கண் கண்ணாடியையும் பின்பக்கத்தையும் கடந்தே கைப்பிடிக்குப் போகும். நெதர்லாந்தில் வேரூன்றிய பழக்கம். பிரிட்டனின் 2022 திருத்தத்திலும் இது இடம்பெற்றது. செலவில்லாத பழக்கம், ஆனால் பின்சீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும், முக்கியமாக வாடகைக் காரில் இறங்குபவர்களுக்கு.

அப்படியானால் சைக்கிள் எங்கேதான் போக வேண்டும்? நாங்கள் கற்றுக்கொடுப்பது இரண்டு இடங்களை. தடம் அகலமாக இருந்து, பக்கத் தெரு எதுவும் இல்லாமல், பின்னால் வருபவர் தாராளமாக முந்தலாம் என்றால், விளிம்பிலிருந்து 75 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை உள்ளே. தடம் குறுகும் இடம், பாலத்தின் மேல், சாலை நடுத்திட்டுக்கும் ஓரக்கல்லுக்கும் இடையிலான இடுக்கு, வட்டச் சந்திப்பு, பக்கத் தெருவுக்கு முந்தைய 15 – 20 மீட்டர், இங்கெல்லாம் தடத்தின் நடு. நடுவுக்கு மாறுவது கடைசி நொடியில் நடக்கக் கூடாது. முன்பே திரும்பிப் பார்த்து, கை காட்டி, இடைவெளி கிடைத்ததும் மெதுவாக நகர வேண்டும். குறுகலைத் தாண்டியதும் பழையபடி இடப்பக்கம் வந்து பின்னால் காத்திருந்தவருக்கு வழிவிட வேண்டும். இந்த இரண்டாவது பாதியையும் மறக்காமல் எழுதுங்கள். வழிவிடாமல் நடுவிலேயே போய்க்கொண்டிருப்பவரை யாரும் நியாயப்படுத்த முடியாது.

தடத்தின் நடு என்பது எல்லாச் சாலைக்கும் பொருந்தாது. பின்னால் வருகிறவர் கண்டு, புரிந்து, வேகத்தைக் குறைக்க நேரம் இருக்கும் இடத்தில்தான் அது வேலை செய்யும். வண்டிகள் மணிக்கு 70, 80 கிலோமீட்டரில் ஓடும் சாலையில் ஓரக் கோட்டுக்கு வெளியே தார் போட்ட அகலமான தோள்பகுதி இருந்தால் அதில் போகச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் வேறு வழியைத் தேடச் சொல்லுங்கள், சுற்று வழியானாலும் சரி. அந்த வேகத்தில் ஓரமும் நடுவும் இரண்டுமே மோசம்.

வேகத்தைப் பற்றி ஓட்டுநர்களுக்கு நீங்கள் எழுதும் வாசகங்கள் பெரும்பாலும் எதுகை மோனையோடு இருக்கும், எண் இருக்காது. ஒரு எண்ணைப் போடுங்கள். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது, உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த ஒரு நொடியில் 8 மீட்டர் போய், பிறகு 5 மீட்டரில் நிற்கும். மொத்தம் 13 மீட்டர். 50 கிலோமீட்டரில் வரும் கார் அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் போய்விடும். அதாவது, முதல் கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் இன்னும் பிரேக்கே பிடிக்காமல் முழு வேகத்தில் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம், நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் வண்டிகளோடு அடிக்கடி கலக்கும் இடங்களில் உச்ச வேகம் 30 என்று வைக்கச் சொன்னதும் இந்தக் கணக்கோடு பொருந்துகிறது.

சந்திப்புகளுக்கு வருவோம். கையேட்டில் ஒரு முழுப் பக்கம் கொடுக்க வேண்டியது இதற்கு.

சிக்னலில் ஒரு லாரி நிற்கிறது. இடப்பக்கம் திரும்பப் போகிறது. நீளமான வண்டி என்பதால் ஓட்டுநர் திரும்பும் முன் கொஞ்சம் வலப்பக்கம் ஒடித்து நிறுத்தியிருக்கிறார். அதனால் லாரிக்கும் ஓரக்கல்லுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இடம் திறந்து கிடக்கிறது. ‘ஓரமாகப் போ’ என்று படித்து வளர்ந்த சைக்கிள்காரருக்கு அது தனக்காகவே விட்ட வழியாகத் தெரிகிறது. நுழைந்து, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் ஒரு காலை ஓரக்கல்லில் ஊன்றி நிற்கிறார். ஓட்டுநர் தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில், கேபினின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்கக் கதவுக்குக் கீழே நிற்கும் தலை அவருக்குத் தெரியாது. கண்ணாடியில் தெரிந்தாலும் அது ஒரு நொடிப் பார்வையில் தவறிப்போகும். பச்சை விழுகிறது. லாரியின் முன்பகுதி முதலில் நேராகவே போகிறது, அதனால் நின்றவரும் கிளம்புகிறார். பிறகு முன்சக்கரம் திரும்புகிறது. பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். திறந்திருந்த ஒன்றரை மீட்டர் பின்னாலிருந்து மூடிக்கொண்டே வந்து ஓரக்கல்லில் முடிகிறது. அங்கிருந்து வெளியேற வழியில்லை.

இதற்கு ஒரே விதிதான். லாரி, பேருந்து, டிரெய்லர் எதற்கும் ஓரக்கல்லுக்கும் நடுவே நுழையவே கூடாது, இண்டிகேட்டர் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும். பின்னாலேயே, தடத்தின் நடுவில், அதன் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியும்படி நில்லுங்கள். அவர் முகம் தெரியவில்லை என்றால் அவருக்கும் உங்களைத் தெரியாது. லாரிக்கு நேர் முன்னால், மூக்கை ஒட்டி நிற்பதும் அதே அளவு மோசம். உயரமான கேபினிலிருந்து முன்னால் சில அடி தூரம் தெரிவதே இல்லை. நீங்கள் நிற்கும்போது லாரி பின்னாலிருந்து வந்து பக்கத்தில் நின்றுவிட்டால், சைக்கிளைத் தூக்கி நடைபாதையில் ஏற்றிவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

லாரிப் பக்கமும் செய்ய வேண்டியது உண்டு. சக்கரங்களுக்கு நடுவே ஆள் விழாதபடி பக்கவாட்டில் தடுப்புக் கம்பிகள் போடுவதற்கு ஐ.நா.வின் 73ஆம் எண் வாகன ஒழுங்குமுறை பல ஆண்டுகளாக இருக்கிறது. லண்டனில் 2021 மார்ச் முதல் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளை, ஓட்டுநருக்குக் கேபினிலிருந்து நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்பதைப் பார்த்துத்தான் அனுமதிக்கிறார்கள். சைக்கிள்காரருக்கு அறிவுரை சொல்லும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இவற்றையும் எழுதினால் கையேடு நியாயமாக இருக்கும்.

கார்கள் செய்வது கொஞ்சம் வேறு. சைக்கிளை முந்திவிட்டு உடனே அதன் மூக்குக்கு முன்னால் இடப்பக்கத் தெருவில் திரும்புவார்கள். கெட்ட எண்ணம் இல்லை. சைக்கிள் என்றால் மெதுவாக வரும், அதற்குள் திரும்பிவிடலாம் என்ற நினைப்பு. 5 நொடி காத்திருந்தால் சைக்கிளுக்குப் பின்னால் நிம்மதியாகத் திரும்பியிருக்கலாம். பக்கத் தெருவுக்கு 20 மீட்டர் முன்பே சைக்கிள்காரர் தடத்தின் நடுவுக்கு வரச் சொல்வது இதைத் தடுக்கத்தான். எதிரிலிருந்து வலப்பக்கம் திரும்பும் காருக்கும், பக்கத் தெருவிலிருந்து மூக்கை நீட்டும் காருக்கும் நடுவில் வருபவர் முன்கூட்டியே தெரிவார். விளிம்பில் வருபவரைச் சுவரும் மரமும் நிறுத்திய வண்டிகளும் மறைக்கும்.

காரின் முன்கண்ணாடிக்கு இரு பக்கமும் உள்ள தூண்களைப் பற்றி ஓட்டுநர் பயிற்சியில் அதிகம் பேசுவதில்லை. காரும் சைக்கிளும் இரு தெருக்களிலிருந்து ஒரே புள்ளியை நோக்கி, வேகம் மாறாமல் வந்துகொண்டிருந்தால், ஓட்டுநரின் பார்வையில் சைக்கிள் இருக்கும் கோணம் மாறவே மாறாது. மோதப் போகிறது என்பதால்தான் மாறவில்லை. அந்தக் கோணத்தில் தூண் இருந்துவிட்டால் சைக்கிள் கடைசி வரை தூணுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும். ஓட்டுநர் பொய் சொல்லாமலே ‘பார்த்தேன், யாரும் இல்லை’ என்று சொல்வார். சந்திப்பை நெருங்கும்போது தலையை ஒரு சாண் முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது ஓட்டுநரின் வேலை. அவர் கண் தன்னைச் சந்திக்கும் வரை பெடலை நிறுத்தி, விரலைப் பிரேக்கில் வைத்திருப்பது சைக்கிள்காரரின் வேலை. கண் சந்தித்தாலும் காரின் முன்சக்கரத்தைப் பாருங்கள். கார் நகரத் தொடங்குகிறதா என்பதை முகத்தைவிடச் சக்கரம் முன்னால் சொல்லும்.

பெரிய சாலையில் வலப்பக்கம் திரும்ப, பழக்கமில்லாதவர் இரண்டு மூன்று தடம் தாண்டி நடுவுக்குப் போகத் தேவையில்லை. சந்திப்பை நேராகக் கடந்து, எதிர் மூலையில் நின்று, சைக்கிளைத் திருப்பி, அடுத்த பச்சையில் நேராகப் போனால் போதும். டென்மார்க்கில் சைக்கிள்காரர்களுக்கு இதுதான் விதி. ஒரு சிக்னல் நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

எதிர்த்திசையில் ஓட்டுவதைக் ‘குற்றம்’ என்று மட்டும் எழுதுகிறீர்கள். ‘வருகிற வண்டி என் கண்ணுக்குத் தெரிகிறதே, அதுதானே பாதுகாப்பு’ என்று நினைப்பவரிடம் அது எடுபடாது. கணக்கைக் காட்டுங்கள். கார் 60, சைக்கிள் 18. ஒரே திசையில் போனால் நெருங்கும் வேகம் 42. எதிரெதிரே வந்தால் 78. அறுபது மீட்டர் இடைவெளி இருந்தால் முதல் நிலையில் ஓட்டுநருக்குக் கிடைப்பது 5 நொடி, இரண்டாவதில் 3 நொடிக்கும் குறைவு. ஒரே திசையில் என்றால் அவர் வேகத்தைக் குறைத்துப் பின்னால் வரலாம். எதிரே என்றால் குறைத்தும் பயனில்லை, இரண்டில் ஒன்று விலகியே ஆக வேண்டும். பக்கத் தெருவிலிருந்து வரும் ஓட்டுநரோ வண்டி வரும் திசையை மட்டுமே பார்ப்பார். எதிர்த்திசைக்காரர் அவர் பார்க்காத பக்கத்திலிருந்து வருகிறார்.

இவை அனைத்துக்கும் அடிப்படை ஒரு சின்னத் திறமை: நேர்க்கோடு விலகாமல் திரும்பிப் பார்ப்பது. இதைக் கற்காதவர் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தால் சைக்கிளும் வலப்பக்கம் போகும், ஏனென்றால் தோளோடு சேர்ந்து கையும் இழுக்கும். காலி மைதானத்தில் சுண்ணாம்பால் 20 மீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். அதன் மேல் ஓட்டிக்கொண்டே, வலது முழங்கையைத் தளர்த்தி, தாடையை வலது தோளுக்கு மேல் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். பின்னால் நிற்பவர் விரல்களைக் காட்ட, எத்தனை என்று சொல்ல வேண்டும். கோட்டிலிருந்து ஒரு சாணுக்கு மேல் விலகாமல் பத்து முறை சரியாகச் சொன்ன பிறகு சாலைக்குப் போகலாம். வரிசையும் முக்கியம்: பார், கை காட்டு, கையை மீண்டும் பிடியில் வை, மறுபடி பார், நகர். கை காட்டிக்கொண்டே திரும்புவது கூடாது, பள்ளம் வந்தால் ஒற்றைக் கை தாங்காது. சின்னக் கண்ணாடி பொருத்தியிருந்தால் நல்லது, ஆனால் திரும்பும் தலைக்கு அது மாற்று அல்ல. பின்னால் வருபவர் உங்கள் முகம் திரும்புவதைப் பார்த்துத்தான் ‘இவர் ஏதோ செய்யப் போகிறார்’ என்று தெரிந்துகொள்கிறார்.

விளக்கு பற்றி. ‘எரியவிடவும்’ என்பதோடு நிறுத்தாமல் எங்கே, எப்படி என்றும் சொல்லுங்கள். முன்விளக்கின் சாய்வைச் சரிபார்க்க ஒரு சுவர் போதும். விளக்கு தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 5 மீட்டர் தள்ளிச் சுவரில் ஒளியின் மையம் 40 சென்டிமீட்டரில் விழ வேண்டும். அப்போது சாலையில் 10 மீட்டர் தொலைவில் ஒளி விழும், எதிரே வருபவரின் கண்ணும் கூசாது. பின்விளக்கைப் பொருத்திவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள். கேரியரில் கட்டிய பையும், தொங்கும் சட்டையும் அதை மூடிவிடுவது சாதாரணம். மின்னும் விளக்கு சீக்கிரம் கண்ணில் படும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்க நிலையாக எரியும் விளக்குதான் உதவும். ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் இரவில் நிலையாக எரிவதை வையுங்கள்.

பளபளக்கும் மஞ்சள் மேலாடையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உங்கள் கையேடுகளிலேயே இருக்கிறது. அந்தச் சாயம் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கித்தான் ஒளிர்கிறது. பகலிலும் அந்தியிலும் அருமையாகத் தெரியும். இருட்டில் அது வெறும் வெளிர்நிறத் துணி. இரவுக்கு வேண்டியது ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் பட்டை. அதைக் கணுக்காலில் கட்டுங்கள். மேலும் கீழுமாகச் சுழலும் இரண்டு ஒளிப்புள்ளிகளைக் கண்டால் இது பெடல் மிதிக்கும் மனிதர் என்று ஓட்டுநரின் மூளை உடனே பிடித்துக்கொள்ளும், முதுகில் அசையாமல் இருக்கும் பட்டைக்கு அந்த வேகம் இல்லை. அதனால்தான் பெடலில் உள்ள மஞ்சள் ரிஃப்ளெக்டர்களை உடைந்ததும் மாற்ற வேண்டும் என்கிறோம். ஆனால் ரிஃப்ளெக்டர் எதுவும் தன் மேல் வெளிச்சம் விழுந்தால்தான் வேலை செய்யும். பக்கத் தெருவிலிருந்து வரும் காரின் வெளிச்சம் உங்கள் மேல் விழும் நேரம், பெரும்பாலும் தாமதமான நேரம். முன்விளக்கு இல்லாமல் ரிஃப்ளெக்டரை மட்டும் நம்புவது சரிவராததற்குக் காரணம் அது.

சைக்கிளைப் பார்ப்போம். கிளம்பும் முன் ஒரு நிமிடம். முன்பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னால் தள்ளுங்கள், பின்சக்கரம் தரையைவிட்டு எழ வேண்டும். பின்பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின்சக்கரம் உருளாமல் தேய வேண்டும். முழுதாக அழுத்திய நிலையிலும் லீவருக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், இல்லையென்றால் கம்பியை இறுக்குங்கள். பிரேக் கட்டையில் உள்ள பள்ளக் கோடுகள் தேய்ந்து மறைந்துவிட்டால் மாற்றுங்கள். கட்டை ரிம்மின் மேல் மட்டும் படுகிறதா என்று குனிந்து பாருங்கள். டயரில் உரசினால் டயரின் பக்கத்தை அறுத்துவிடும், ரிம்முக்குக் கீழே இறங்கினால் ஸ்போக்ஸில் மாட்டும். லீவருக்குள் கம்பி நுழையும் இடத்தில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் கம்பியை மாற்றிவிடுங்கள், அறுந்தால் அவசரமாக அழுத்தும்போதுதான் அறும். காற்றின் அளவு டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும்.

இரும்பு ரிம்மில் குரோம் பூசிய சைக்கிள்கள் மழையில் நிற்காது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். வழவழப்பான ஈரக் குரோமில் ரப்பர் பிடிக்காது. சக்கரம் சில சுற்று சுற்றி நீர் வழிக்கப்பட்ட பிறகுதான் கொஞ்சம் பிடிக்கும். அலுமினிய ரிம் எவ்வளவோ மேல். மழையில் நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே பிரேக்கை லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொள்ள வேண்டும். சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடும், இரும்பு மூடியும் ஈரத்தில் வழுக்கும். அவற்றின் மேல் திரும்பவோ பிரேக் பிடிக்கவோ வேண்டாம், நிமிர்ந்து நேராகக் கடந்துவிடுங்கள். தண்டவாளம் குறுக்கிட்டால் முடிந்தவரை செங்குத்தாக. தேங்கிய நீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

முன்பிரேக் ஆளைக் கவிழ்த்துவிடும் என்று பயந்து பின்பிரேக்கை மட்டுமே பிடிக்கிறவர்கள் ஏராளம். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்வதால் பின்சக்கரத்தின் பிடி குறைந்து வழுக்கத் தொடங்கும். நிறுத்துவது பெரும்பாலும் முன்சக்கரம்தான். கைகளை விறைப்பாக ஊன்றி, உடலைச் சீட்டில் பின்னுக்குத் தள்ளி, இரண்டையும் சேர்த்து, முன்பிரேக்கைப் படிப்படியாக இறுக்கிப் பழக வேண்டும். வளைவிலும் மணலிலும் மட்டும் அதை மென்மையாகப் பிடிக்க வேண்டும்.

ஹேண்டில்பாரில் பை தொங்கவிடாதீர்கள். ஆடி ஆடி ஸ்போக்ஸுக்குள் போனால் முன்சக்கரம் நொடியில் பூட்டிக்கொள்ளும்.

ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, சமமாக உட்கார வேண்டும். வார் காதுக்குக் கீழே ஆங்கில ‘வி’ போலச் சேர வேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல். ஐரோப்பியத் தரமான ஈஎன் 1078இல் ஹெல்மெட்டைத் தட்டையான பரப்பில் மோதிப் பார்ப்பது நொடிக்கு 5.42 மீட்டரில், ஏறக்குறைய மணிக்கு 20 கிலோமீட்டர். சைக்கிளிலிருந்து தலை தரையில் விழுவதற்கு இது பொருந்தும். 60இல் வரும் காருக்கு எதிராக அதைச் சோதிக்கவே இல்லை. அணியச் சொல்லுங்கள், ஆனால் பக்கத்தின் முதல் வரியாகப் போடாதீர்கள். ஒருமுறை பலமாக அடிபட்டால் உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும், வெளியே தெரியாது. மாற்றியாக வேண்டும்.

ஓட்டுநர்களுக்கு இன்னும் ஒன்று. சைக்கிளுக்குப் பின்னால் மூன்று மீட்டரில் வந்து ஹாரனை அழுத்தினால் ஓட்டுபவரின் தோள் துள்ளும், தோள் துள்ளினால் ஹேண்டில் வெட்டும். வெட்டுவது எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியாது. தெரியப்படுத்தியே ஆக வேண்டுமென்றால் முப்பது நாற்பது மீட்டர் முன்பே, ஒரு சின்ன ஒலி. பெரிய வண்டி என்றால் காற்றையும் கணக்கில் வையுங்கள். வேகமாகப் போகும் லாரி முதலில் சைக்கிளை வெளியே தள்ளும், கடந்து முடிக்கும்போது உள்ளே இழுக்கும். ஓட்டுபவர் முழங்கையை மடக்கி, பிடியைத் தளரவிடாமல் சற்றுக் குனிந்தால் தாங்கிக்கொள்ளலாம். லாரி விட்ட இடைவெளி ஒரு மீட்டருக்கும் குறைவு என்றால் குனிந்தும் பயனில்லை.

கடைசியாக உங்கள் படம். எழுத்தைப் படிக்காதவர்களும் படத்தைப் பார்ப்பார்கள். பெரும்பாலான கையேடுகளில் வெள்ளை ஓரக் கோட்டின் மேல் சைக்கிளும், அதே தடத்தில் பக்கத்திலேயே காரும் வரைந்து ஒரு பச்சை சரிக்குறி போட்டிருப்பார்கள். ஓவியரிடம் மறுபடி வரையச் சொல்லுங்கள். கார் முழுதாக அடுத்த தடத்தில் இருக்கட்டும். சைக்கிள்காரரின் முகம் வலது தோளுக்கு மேல் திரும்பியிருக்கட்டும். முன்சக்கரத்துக்கும் வடிகால் மூடிக்கும் நடுவே ஒரு கை நீளம் இடம் விடட்டும், மூடியின் கம்பிகளைக் குறுக்காகப் போடட்டும்.

இப்படிக்கு,
சைக்கிள் ஓட்டவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொடுக்கும் சிலர்